வாடகை கேட்டு நீ எழுதிய கார்டு

தியாகராய நகர்,
சென்னை-17.
18-3-1973

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அம்மா எழுதுவது.

உன் பெரியப்பா ஆட்களை ஏமாற்றிப் பிழைக்கிறவர். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்றபடி இங்கே அனைவரும் சுகமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் உன் ஹாஸ்டல் தோழிகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். தம்பி ஜவஹருக்கு நந்தனம் கல்லூரியில் பரீட்சை நெருங்கிவிட்டது, ஆனால் துரை புத்தகத்தைவிட மைதானத்தைத்தான் அதிகம் பார்க்கிறார், நீ ஒரு கடிதம் எழுதினால் கொஞ்சம் பயப்படுவான், என் பேச்சுக்கு அவன் பயப்படுவதில்லை. குழாயில் தண்ணீர் வருவது குறைந்துவிட்டது, தெருப் பம்பில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் லாட்ஜுக்கு நீ போட்ட தபால் கார்டு ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததோடு நிற்கவில்லை, அங்கிருந்து உன் பெரியப்பாவின் சட்டைப் பையில் ஏறி ரயிலில் சென்னைக்கும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது, நான் கல்லாவில் இருந்தேன், கரீமுல்லா வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். உன் பெரியப்பா உள்ளே வந்தார். உன் அப்பா எழுந்து நின்றார். ஊரிலிருந்து தன்னைக் கூட்டி வந்து கடை வைத்துக் கொடுத்த அண்ணன் என்பதால், அவர் உட்காரும்வரை இவர் நிற்பார், உனக்குத் தெரியும். அன்றைக்குப் பெரியப்பா உட்காரவில்லை. கார்டை எடுத்து, அந்தக் கல்யாண வீட்டார் பார்த்துக்கொண்டிருந்த குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போட்டார். "தனபாலா, ஒம் மவ என்னைய என்னன்னு நெனச்சிருக்கா? பெரியப்பன்கிட்ட ஒரு நாள் வாடகை என்னன்னு கேக்கா. அதுவும் கார்டுல! தபால்காரன் படிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டே குடுத்தான், எங் கணக்குப்பிள்ளை படிச்சான், சமையக்காரன் படிச்சான், நான்தான் கடைசியாப் படிச்சேன்" என்றார். உன் அப்பா கார்டைக் கையில் எடுக்கக்கூட இல்லை, "சின்னப் பிள்ளை அண்ணே, தெரியாம எழுதிட்டா" என்றார்.

தெரியாமல் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போய் அந்தக் கார்டை எடுத்துப் படித்தேன். நாலு பெண்களுக்கு ஒரு அறை, ஒரு நாளைக்கு வாடகை எவ்வளவு? குளிக்க நல்ல தண்ணீர் அதில் சேர்த்தியா, தனியா? தனுஷ்கோடிக்கு நீங்களே படகு பேசிக் கொடுத்தால் படகுக்காரருக்குப் போவது எவ்வளவு, லாட்ஜுக்கு எவ்வளவு? சாப்பாடு வெளியில் சாப்பிட்டால் தடை உண்டா? பதில் பார்த்துத்தான் தங்குவதைப் பற்றி முடிவு செய்வோம், இப்படிக்கு மகள் ஜெயபாரதி. அவ்வளவுதான். ஒரு எழுத்து கூடுதல் இல்லை, ஒரு எழுத்து மரியாதைக் குறைவும் இல்லை, 'அன்புள்ள பெரியப்பாவுக்கு நமஸ்காரம்' என்றுதான் ஆரம்பித்திருக்கிறாய். படிக்கப் படிக்க எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எந்த ஊர், எந்த நம்பர், எத்தனை நிமிஷம் என்று நாள் முழுக்கக் கேட்கிற குரல் அந்தக் கார்டில் இருந்தது. என் மகள் எழுதியது என்று அந்தக் கல்யாண வீட்டு அம்மாளிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டவும் செய்தேன். அந்த அம்மாள் படித்துவிட்டு, "நல்லாத்தானே கேட்டிருக்கு பொண்ணு" என்றார். பெரியப்பா முகம் போன போக்கைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

வாசலில் இருந்து கரீமுல்லா, உளியைக் கீழே வைக்காமலே, "இன்னா பெரியவரே, கொழந்த இன்னா தப்பா கேட்டுகீது? வாடகை இன்னான்னுதானே? சொல்லிட்டா வேலை முடிஞ்சிது, இதுக்குப் போயி ரயில்ல வந்துகினு" என்றார். "பேர் வெட்டுறவன் பேர் வெட்டுற வேலையப் பாரு" என்று பெரியப்பா கத்தினார். நான் சொன்னேன், "அத்தான், அவரு கேட்டதையே நானும் கேக்கேன். வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க, நானே எழுதிப் போட்டுருதேன், ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தம்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், "நம்ம பிள்ளைககிட்டப் போயி ரேட்டுப் பேசுவாங்களா தனபாலா? எனக்கு வாய் வருமா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் அந்த மனிதரின் தொழிலே இருக்கிறது. தெரியாத ஆளாக இருந்தால் படி ஏறும்போதே இவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும், கேட்டவன் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவான். அதனால் அவர் முதலில் கேட்பது எந்த ஊர் என்று. நம் திருச்செந்தூர்ப் பக்கம் என்றால் போதும், அட நம்ம பிள்ளையா, உங்க தாத்தாவை எனக்குத் தெரியுமே, வாங்க, காப்பி குடிங்க. அதற்குப் பிறகு ரேட் கேட்கிறவன்தான் கெட்டவன். மாடி வீட்டு இசக்கியம்மாள் டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும். போன மே மாதம் தன் அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். உன் அப்பாதான், எங்கள் அண்ணன் இருக்கும்போது வேறு எங்கே தங்குவது என்று சொல்லி அனுப்பினார். கிளம்புகிற அன்றைக்குத்தான் கணக்குப்பிள்ளை பில் கொண்டு வந்தானாம். பாய்க்கு, தலையணைக்கு, உப்பில்லாத தண்ணீருக்கு, படகுக்கு, பெரியவர் ஆசையாகக் கையில் கொடுத்த சங்குக்கு, படி ஏறியதும் வற்புறுத்திக் குடிக்கச் சொன்ன அந்தக் காப்பிக்கும் சேர்த்து. டீச்சர் கொண்டுபோன பணம் அத்தனையும் அதோடு சரி. திரும்புகிற ரயிலில் மூன்று பேரும் ஒரு பொட்டலம் பொரியோடு வந்திருக்கிறார்கள். வந்து எங்களுக்குப் பிரசாதம் கொடுத்தாள், எல்லாம் நன்றாக இருந்தது, உங்கள் அண்ணாச்சி நன்றாகக் கவனித்தார் என்றாள். வலம்புரி என்று தலையில் கட்டிய அந்தச் சங்கைக் கடைத்தெருவில் ஒருவர் பார்த்து, இது எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரணச் சங்கு என்று சொன்ன பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். "பெரிய எடத்துல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றார். யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லவில்லை.

உன் கார்டை வெள்ளிக்கிழமை மாலை டீச்சரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "இந்த நாலு கேள்வியும் எனக்கும் தோணிச்சு தங்கபுஷ்பம், கேக்கத்தான் நாக்கு எழும்பல. நாள் பூராப் பிள்ளைகளக் கேள்வி கேக்குறவ நான்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வருஷமாக என்னைப் பார்த்தால் மாடிப்படியில் வேகமாக ஏறிப்போவாள். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்தாள். இது உன்னால் நடந்தது, தெரிந்துகொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். நீ மன்னிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுத வேண்டும், கவரில் வைத்து ஒட்டி. மே மாதம் நீயும் உன் தோழிகளும் அவர் லாட்ஜில்தான் தங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தீவில் கால் வைக்கக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் உன் அப்பா நேராகப் பம்பாய் போய் உன்னை ராஜினாமா செய்ய வைத்துக் கூட்டி வந்துவிட வேண்டும், மாப்பிள்ளை அவர் கையில் தயாராக இருக்கிறாராம். "ஆம்பளத் தொணை இல்லாம நாலு பொட்டப்பிள்ளைக கடல்ல குளிக்கப் போகுதாம், அதுக்கு வாடகை விசாரிக்குதாம், இவளையெல்லாம் எவம்ல கெட்டுவான்" என்றார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "ரேட்டு தெரிஞ்சிட்டு வாரவன் கெட்டுவான்" என்றேன். ஜவஹர் சிரித்துவிட்டான், புரை ஏறி எழுந்து போய்விட்டான். உன் அப்பா சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார், எதற்கு ஆட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை, அவர் அண்ணனுக்கு விளங்கியிருக்கும், சாயங்கால வண்டிக்கு நிம்மதியாகக் கிளம்பிப் போய்விட்டார். நேற்று உன் அப்பா தாளும் பேனாவும் கொண்டு வந்து என் முன்னால் வைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவளுக்கு எழுது என்றார். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் நான் உன்னோடு பேச மாட்டேன். உன் தோழிகள் மூன்று பேரும் ஒரு வருஷமாக டிபன் செலவைக் குறைத்து, சினிமா பார்க்காமல், இந்தப் பயணத்துக்கென்று மிச்சம் பிடித்த பெண்கள். அவர்கள் உன்னை நம்பி வருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உன் சொந்தக்காரர் வாசலில் நிறுத்தி, காப்பி குடிக்க வைத்து, பில் வாங்கிக் கொடுத்தால் அதன்பிறகு எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவாய்? அங்கே ரயில்வே ஸ்டேஷனிலேயே தங்கும் அறை இருக்கிறது, கட்டணம் சுவரில் எழுதிப் போட்டிருக்கும், இப்போதே எழுதிக் கேள். இல்லாவிட்டால் டீச்சருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள் அங்கே இருக்கிறாராம், வீட்டில் ஒரு அறை வாடகைக்குத் தருவாராம், எவ்வளவு என்று டீச்சர் கேட்டு எழுதியிருக்கிறாள். கார்டில்தான்!

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் நான் நேர்மையானவள் இல்லை. பெரியப்பா போன பிறகு கரீமுல்லா என்னிடம், "அவரச் சொல்றியேம்மா, நம்ம கடையில மட்டும் ரேட்டு எழுதிகீதா? காரு வந்தா ஒண்ணு, நடந்து வந்தா ஒண்ணுதானே?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் கோபம் வந்தது, பிறகு வரவில்லை. சனிக்கிழமை கடை திறந்ததும் ஜவஹரின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து, சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி, விலை எழுதி, பசை தடவி, தட்டு, டம்ளர், தூக்கு, அடுக்கு, அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் ஒட்டினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர் வந்து, கடையை ஏலம் விடுகிறீர்களா என்று கேட்டார். உன் அப்பா வந்து பார்த்தார். அவர் பாட்டுக்குக் குத்துவிளக்கிலிருந்தும் அண்டாவிலிருந்தும் சீட்டைப் பிய்த்துப் போட்டார். டம்ளரிலும் தட்டிலும் கை வைக்கவில்லை. அவை இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன. டம்ளர் வாங்குகிறவர்கள் இப்போது பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார்கள், சீக்கிரமும் போகிறார்கள், அவரும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தீவுக்குப் போனால் செய்ய வேண்டியதும் கூடாததும் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்டால் பம்பாய் என்று மட்டும் சொல், அப்பா பெயர் சொல்லாதே. ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்க ஓடி வருகிறவரிடம் தூக்கும் முன்பே கூலியைக் கேள், குதிரை வண்டியில் கால் வைக்கும் முன்பே கேள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் கேட்டுவிட்டுப் படகுக்காரரிடமும் மணலில் சோழி விற்கிற பெண்களிடமும் அடித்துப் பேசாதே. நம் ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான். வெயிலில் நிற்கிறவளிடம் எட்டணாவுக்கு அரை மணி நேரம் வாதாடுவார்கள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் நீட்டுகிற பில்லை வாய் பேசாமல் கட்டிவிட்டு வருவார்கள். படகுக்காரருக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடு, நடுவில் யார் கையிலும் கொடுக்காதே. எங்களுக்கு என்று எதுவும் வாங்கி வராதே. சங்கு, சோழி மாலை, பனை ஓலைத் தொப்பி, உன் பெயர் எழுதிய அரிசி மணி, ஒன்றும் வேண்டாம். சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று வாங்க ஆரம்பித்தால் நீங்கள் கடலைப் பார்க்கவே நேரம் இருக்காது, அந்தச் சாமான்களும் ஒரு வாரத்தில் பரண்மேல் ஏறிவிடும். அந்தப் பணத்துக்கு நாலு பேரும் நல்ல மீன் சாப்பாடு சாப்பிடுங்கள். ஆழத்துக்குப் போக வேண்டாம், அங்கே புயல் வந்து ஊரையே கொண்டுபோன கடல் அது, மீனவர்கள் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் இறங்காதே. மற்ற இடத்தில் ஆசை தீரக் குளி. துணி நனைந்தால் யார் பார்ப்பார்கள் என்று கரையிலேயே நிற்காதே. யார் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும், அந்தத் தண்ணீருக்கு யாரும் வாடகை போட முடியாது.

உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் ஆசைதான், நீ முதல் சம்பளம் அனுப்பியபோதும் சொன்னேன், தனியாக ரயில் ஏறியபோதும் சொன்னேன். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இருந்த பெருமை வேறு மாதிரி. நம் சொந்தத்தில் பெண்கள் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள், சமைத்துப் பெயர் வாங்கியிருக்கிறார்கள், பொறுத்துப் போய்ப் பெயர் வாங்கியவர்கள்தான் அதிகம். நாலு நியாயமான கேள்வி கேட்டுக் கெட்ட பெயர் வாங்கியவள் நீ ஒருத்திதான். அந்தக் கார்டை நான் யாரிடமும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, என் புடவைப் பெட்டியில் இருக்கிறது.

மே மாதம் வழியில் சென்னையில் ஒரு நாள் தங்கிப் போங்கள், உன் தோழிகளுக்கும் சேர்த்து நான் புளிச்சோறு கட்டித் தருகிறேன், ரயிலில் எதுவும் வாங்க வேண்டியிருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே, பம்பாய்த் தண்ணீருக்கு முடி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டல் வார்டன் அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். ஜவஹருக்கு எழுத மறக்காதே. நீ நீண்ட ஆயுளோடும், கேட்க வேண்டியதைக் கேட்கிற வாயோடும், கை நிறையச் சம்பளத்தோடும் இருக்க வேண்டும் என்று மனம் நிறைய ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. தங்கபுஷ்பம்

இது உன் அப்பாவுக்கு. நம் வீட்டில் நான் எழுதுகிற எல்லாக் கடிதத்திலும் கடைசி மூன்று வரி அவருடையது, படித்துப் பார்த்து, தன் பங்குக்கு எழுதி, பிறகுதான் கவரை ஒட்டுவார். இதையும் அவரிடம்தான் கொடுக்கிறேன். என்னங்க, படித்துவிட்டீர்களா? நான் எழுதியதில் எது பொய் என்று தோன்றினாலும் அடித்துவிடுங்கள், எனக்குச் சம்மதம். ஆனால் இந்தத் தடவை 'உடம்பைப் பார்த்துக்கொள், வியாபாரம் சுமார்' என்று எழுதி முடிக்காதீர்கள். உங்கள் மகள் மே மாதம் போகலாமா, கூடாதா? உங்கள் அண்ணன் சொல்வதை எழுத வேண்டாம், நான் சொல்வதையும் எழுத வேண்டாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று உங்கள் கையால் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

அப்பா எழுதுவது: